ஆம்புலன்ஸ் சொன்ன ஒரே சொல்

“க்ளிக்.”

வியாழக்கிழமை மதியம் போன்க்ராசே ஊர் ஆம்புலன்ஸ் வாயைத் திறந்து சொன்னது அவ்வளவுதான். பின்னால் படுக்கையில் போக்குவா என்கிற பெண் தலைப்பிரசவ வலியில் கிடந்தாள். டிரைவர் பெடியாக்கோ சாவியைத் திருப்பினான், க்ளிக். மறுபடி திருப்பினான், மறுபடி அதே. பத்துப் பேர் சேர்ந்து தள்ளிப் பார்த்தார்கள். வண்டி நின்றிருந்ததோ ஒரு சரிவின் அடியில், மூக்கைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு. மேட்டில் தள்ளிய ஆம்புலன்ஸ் நாலடி ஏறியது, அதே நாலடி இறங்கியது.

நாற்பது நிமிஷம் கழித்து, சாலையில் போன ஒரு தக்காளி லாரியை மறித்து, கூடைகளை இறக்கிவிட்டு அவளை ஏற்றினார்கள். குமாசிக்குப் பாதி வழியில் தார்ப்பாயின் மேல் பிள்ளை பிறந்தது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை. தாய்க்குத்தான் ரத்தம் நிறையப் போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் இன்னும் கண் விழிக்காமல் கிடந்தாள்.

பெடியாக்கோவை அன்று சாயங்காலமே லாக்கப்பில் போட்டார்கள். வண்டியில் உட்கார்ந்து ஃபுட்பால் கமெண்டரி கேட்டுக் கேட்டு பாட்டரியைத் தீர்த்துவிட்டான் என்பது குற்றச்சாட்டு. அந்தப் பெண் பிழைக்காவிட்டால் வழக்கின் பெயரே மாறிவிடும் என்று சார்ஜென்ட் டெட்டே அவனுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். ஆறுதலாகச் சொன்னதாக அவருக்கு நினைப்பு.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு குமாசியிலிருந்து வந்த ட்ரோட்ரோ என்கிற ஷேர் வேனிலிருந்து, பதினெட்டுப் பயணிகளுக்கும் இரண்டு ஆடுகளுக்கும் நடுவிலிருந்து, இருவர் பிதுங்கி இறங்கினார்கள்.

முன்னால் இறங்கியவள் செர்வா அக்கோட்டோ. வயது நாற்பத்தாறு. குமாசியின் மெக்கானிக் பேட்டையில் பதினான்கு வருஷம் வண்டிகளுக்கு ஒயரிங் பார்த்தவள். பிறகு ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி, பொய்க் கணக்குக் காட்டி விபத்துப் பணம் கேட்பவர்களை மோப்பம் பிடிக்க அவளை வைத்துக்கொண்டது. மோப்பம் கம்பெனி முதலாளியின் மச்சான் வரை போனதும் வேலை போயிற்று. இப்போது ஒரு தையல் கடையின் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம். ஒரு மேஜை, ஒன்றரை நாற்காலி.

பின்னால் அவளுடைய டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கியவன் ஒடூரோ. ரேடியோவில் ஃபுட்பால் கமெண்டரி சொல்லிக்கொண்டிருந்தவன். கோல்கீப்பர் ஒருவரை விளம்பரப் பலகை என்று நேரடி ஒலிபரப்பில் வர்ணித்தான். அந்தக் கோல்கீப்பர் ரேடியோ நிலைய முதலாளியின் மகன். செர்வாவிடம் வேலைக்குச் சேர்ந்தபோது அவள் கேட்ட ஒரே தகுதி, ‘இதற்கு முன் உண்மையைச் சொல்லி வேலை இழந்ததுண்டா?’ என்பதுதான்.

ஊர் முன்னேற்றக் குழுவின் தலைவர் டாக்டர் அசியாமா தம் வீட்டு வாசலுக்கே வந்து வரவேற்றார். டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. குமாசி ஹோட்டல் ஒன்றில் இரண்டு நாள் மாநாடு நடத்தி, மூன்றாம் நாள் வந்தவர்கள் எல்லோருக்கும் கறுப்பு அங்கி மாட்டிவிட்ட ஒரு பல்கலைக்கழகம் கொடுத்த பட்டம். அந்தப் பல்கலைக்கழகத்தை அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்ததில்லை. இன்று அவர் கஞ்சி போட்ட வெள்ளை நீள அங்கியில் இருந்தார். சாயங்காலம் ஒரு நன்றி ஆராதனைக்குப் போக வேண்டுமாம். மூன்று மணிக்குக் குழுவின் கூட்டம், நாலு மணிக்கு ஆராதனை, நடுவில் நீதி.

அவர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். ஆம்புலன்ஸ் வாங்கியது ஹாம்பர்க்கில் வேலை பார்க்கும் இந்த ஊர்க்காரர்களின் சேமிப்பில். புது வண்டி, வந்து எட்டே மாதம். வியாழக்கிழமை நடந்ததைக் கேள்விப்பட்டு அவர்கள் கொதித்துப் போய், வெளி ஆள் ஒருவர் வந்து விசாரித்து அறிக்கை கொடுத்தால்தான் இனி பேச்சு என்று சொல்லிவிட்டார்கள். எனவேதான் மேடத்துக்கு இந்தச் சிரமம்.

பிறகு ஒரு கவரை நீட்டினார். உள்ளே இரண்டு பக்கம், அழகாக டைப் செய்திருந்தது. ‘செர்வா அக்கோட்டோ ஆகிய நான் நேரில் ஆராய்ந்து கண்டறிந்தது யாதெனில்’ என்று ஆரம்பித்தது.

“அறிக்கை ரெடி மேடம். உங்க கையெழுத்துதான் பாக்கி. ஒரு பெண்பிள்ளை வண்டிக்கு அடியிலெல்லாம் படுத்துக் கஷ்டப்படக் கூடாது பாருங்க.”

ஒடூரோவுக்கு நாக்கு அரித்தது. “கையெழுத்தையும் நீங்களே போட்டிருந்தா நாங்க அந்த ரெண்டு ஆட்டையும் சந்திச்சிருக்கவே வேண்டாமே, டாக்டர்.”

தலைவர் சிரித்தார். நகைச்சுவை புரியாதவர்கள் சிரிக்கிற மாதிரி, கொஞ்சம் தாமதமாக.

செர்வா அறிக்கையை ஒருமுறை முழுவதும் படித்தாள். மடித்துக் கைப்பையில் வைத்தாள். எழுத்துப் பிழையே இல்லை என்று பாராட்டினாள். டிரைவரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டாள்.

போலீஸ் நிலையத்தில் ஒரே லாக்கப். அதில் பெடியாக்கோ முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஐம்பது வயது இருக்கும். இரண்டு நாளாகச் சவரம் இல்லை, சாப்பாடும் சரியாக இல்லை. செர்வாவைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்றுதான் முதலில் கேட்டான். தெரியவில்லை என்று செர்வா உண்மையைச் சொன்னாள். அவன் மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

செர்வா கம்பிக்கு இந்தப் பக்கம் தரையில் அவனுக்கு நேராக உட்கார்ந்தாள். பெரிய பெரிய கேள்விகளை எதிர்பார்த்த ஒடூரோ நோட்டைத் திறந்தான். அவள் கேட்டது சின்னது.

“என்ன சத்தம் வந்துச்சு? க்ளிக் ஒண்ணா? இல்ல, டிக் டிக் டிக்னு வரிசையா வந்துச்சா?”

“ஒண்ணுதான் மேடம். நல்லா அழுத்தமா ஒண்ணு. கதவுல தாழ்ப்பாள் போட்ட மாதிரி.”

“ஹெட்லைட்?”

“பிரகாசமா எரிஞ்சுது. சைரன்கூட அடிச்சுது மேடம். பதட்டத்துல அதைப் போட்டுட்டேன், அணைக்க மறந்துட்டேன். நாப்பது நிமிஷமும் அலறிக்கிட்டே நின்னுச்சு. ஊர்ல பாதிப் பேர், வண்டி போயிடுச்சுன்னே நெனச்சிருக்காங்க.”

செர்வா எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். வெளியே வந்ததும் ஒடூரோவுக்கு விளக்கினாள். பாட்டரி தீர்ந்த வண்டி வரிசையாக டிக் டிக் என்று துடிக்கும், விளக்கு மங்கும். நாற்பது நிமிஷம் சைரன் ஊதிய பாட்டரியைச் செத்த பாட்டரி என்று எழுத ஒரு டாக்டரால்தான் முடியும். அழுத்தமாக ஒரே ஒரு க்ளிக் என்றால், கரண்ட், எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் வரை போய்க் கதவைத் தட்டுகிறது, உள்ளே இருப்பவர் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார் என்று அர்த்தம்.

பெடியாக்கோ இன்னொன்றும் சொல்லியிருந்தான். எட்டு மாதத்தில் அந்த வண்டி ஒருநாள்கூட முரண்டு பிடித்ததில்லை. தினமும் காலை ஆறு மணிக்கு ஸ்டார்ட் செய்து பார்ப்பான். செவ்வாயும் புதனும் மட்டும் லைசென்ஸ் புதுப்பிக்கக் குமாசி போயிருந்தான். வியாழன் பதினொரு மணிக்குத் திரும்பி வந்தான். பன்னிரண்டு மணிக்கு போக்குவாவைக் கொண்டுவந்தார்கள். அந்த இரண்டு நாளும் சாவி, குழு அலுவலகத்துச் சுவர் ஆணியில் தொங்கியது. அலுவலகத்துக்குப் பூட்டு உண்டு. பூட்டுக்கு நாலு சாவி உண்டு.

ஆம்புலன்ஸ் தலைவர் வீட்டுக் கொல்லைப்புறத்தில், அதற்கென்றே கட்டித் திறப்பு விழா நடத்திய கொட்டகையில் நின்றது. பக்கவாட்டில் ஆம்புலன்ஸ் என்ற எழுத்தைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் தேட வேண்டியிருந்தது. ‘டாக்டர் அசியாமா அவர்களின் அயராத முயற்சியால்’ என்பது தூரத்திலிருந்தே தெரிந்தது.

செர்வா பையிலிருந்து வேலை அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டு, அட்டைப் பெட்டியைப் பிரித்துத் தரையில் போட்டு, டார்ச்சோடு அடியில் நுழைந்தாள். காவலுக்கு நின்ற ஒடூரோ, ஒரு பெண்பிள்ளை கஷ்டப்படுகிற அழகைத் தலைவர் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று வருந்தினான்.

ஐந்து நிமிஷத்தில் அடியிலிருந்து குரல் வந்தது. அவனையும் உள்ளே வந்து பார்க்கச் சொன்னது. அவன் சட்டை வெள்ளை என்று சொல்லிப் பார்த்தான். குரல் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

டார்ச் வெளிச்சத்தில் செல்ஃப் மோட்டாரின் உருளை உடம்பு தெரிந்தது. இரண்டு போல்ட்டின் தலையிலும் ஸ்பேனர் பட்ட இடம் புதிதாகப் பளபளத்தது. உடம்பு முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். பத்து இருபது இல்லை, நூற்றுக்கணக்கில். பழைய குழிமேல் புதுக் குழி, அதன்மேல் இன்னொன்று. சிலவற்றில் பச்சைப் பெயிண்ட் துணுக்கு ஒட்டியிருந்தது.

“இதுக்கு என்ன, அம்மை போட்டுருக்கா?” என்றான் ஒடூரோ.

“அடி. உள்ள தேஞ்சுபோன செல்ஃப், ஒரு தட்டுத் தட்டினா முழிச்சுக்கும். அப்புறம் தூங்கும். மறுபடி தட்டணும். இதை யாரோ வருஷக்கணக்கா தெனமும் தட்டி எழுப்பியிருக்காங்க.”

“வண்டிக்கு வயசு எட்டு மாசம்தானே மேடம்.”

“வண்டிக்கு.”

ஒடூரோ அப்படியே படுத்துக்கொண்டு யோசித்தான். எட்டு மாத வண்டியின் வயிற்றில் பத்து வருஷக் கிழவன் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். அப்படியானால் இந்த வண்டியின் நல்ல செல்ஃப் வேறு எங்கோ வேலை பார்க்கிறது. அங்கிருந்த கிழவனைத்தான் கழற்றி இங்கே மாட்டியிருக்கிறார்கள். பெடியாக்கோவுக்குத் தட்டும் வித்தை தெரியாது. தெரிந்திருக்க அவசியமும் இருந்ததில்லை.

அவனுக்குக் கோபம் வந்தது. தன் கோபத்தைக் கேலியாக மாற்றிவிடுகிற வழக்கம் அவனுக்கு உண்டு. இந்த முறை ஒன்றும் தோன்றவில்லை.

கொட்டகையிலிருந்து வெளியே வந்தபோது தலைவர் எதிரே வந்தார். ஏதாவது தெரிந்ததா என்று விசாரித்தார். நிறையத் தூசி என்று செர்வா சொன்னாள். மூன்று மணிக்குள் கையெழுத்து வந்துவிடும் என்று அவளே உறுதி கொடுத்ததும் அவர் திருப்தியோடு உள்ளே போனார்.

பச்சைப் பெயிண்டைத் தேட அவர்கள் நேராக வண்டி ஸ்டாண்டுக்குப் போனார்கள். ஆம்புலன்ஸும் ட்ரோட்ரோக்களும் ஒரே ஜாதி வேன்கள். ஒன்றின் சாமான் இன்னொன்றுக்குப் பொருந்தும். போன்க்ராசேயிலிருந்து ஓடுகிற ட்ரோட்ரோக்கள் ஐந்து. ஐந்தின் கண்டக்டர்களும் தங்கள் ஸ்பேனர், ஜாக்கி, இரும்புத் தடி எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு நிறம் அடித்து வைத்திருப்பார்கள். ஒருத்தன் சாமானை இன்னொருத்தன் லவட்டினால் கண்டுபிடிக்க அதுதான் வழி. குமாசிப் பேட்டையிலும் இதே வழக்கம்தான். செர்வாவின் நிறம் அங்கே ஊதா.

ஸ்டாண்டு வாசலில் கென்கே என்கிற சோள உருண்டை விற்கிற மான்சா அக்காளிடம் ஒடூரோ இரண்டு உருண்டையும் பொரித்த மீனும் மிளகாய்த் துவையலும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். சாப்பிடுகிற ஆளிடம்தான் விற்கிற ஆள் மனசு விட்டுப் பேசும் என்பது அவனுடைய கொள்கை. பசி அதற்கு ஒத்தாசை.

மான்சா அக்காள் கோபத்தில் இருந்தாள். மூன்று நாளாக வியாபாரம் தாமதமாகத்தான் தொடங்குகிறது. ஏன் என்று கேட்டான்.

“எழுந்திருக்க நேரமாயிடுது தம்பி. ‘பொறாமை வேண்டாம்’ வண்டி இருக்கே, விடிஞ்சும் விடியாம அதுக்கு அடியில படுத்துக்கிட்டு அந்த கண்டக்டர் டங்கு டங்குனு அடிப்பான். ரெண்டு வருஷமா எனக்கு அதுதான் அலாரம். வியாழக்கிழமையிலேருந்து சத்தமே இல்ல. சாவியைத் திருப்பினா கிளம்பிடுது, மகராசனா போயிடுது. நான் தூங்கிக்கிட்டிருக்கேன்.”

ஒடூரோவின் கையில் மீன் பாதி வழியில் நின்றது.

ஸ்டாண்டின் மூலையில் அந்த வேன் நின்றது. பின் கண்ணாடியில் மஞ்சள் எழுத்தில் ‘பொறாமை வேண்டாம்’ என்று எழுதியிருந்தது. பொறாமைப்பட அதில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஒரு கதவைக் கயிறு பிடித்துக்கொண்டிருந்தது. அதன் கண்டக்டர் இட்ரிசு, நாற்பது வயது ஆள், டயரில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான். அவன் காலடியில் கிடந்த ஸ்பேனர் நல்ல பச்சை.

வண்டி யாருடையது என்று மான்சா அக்காளிடம் விசாரித்தார்கள். குமாசியில் யாரோ ஒரு சீமாட்டி என்றாள். பெயர் கம்ஃபர்ட். இந்த ஊரில் ஒருவரும் அவளைப் பார்த்ததில்லை.

ஒடூரோ செர்வாவை ஒதுக்குப்புறமாக இழுத்துப் போய்த் தன் முடிவைச் சொன்னான். அலுவலகப் பூட்டுக்கு நாலு சாவி இருந்தால் ஐந்தாவது சாவி செய்ய எவ்வளவு நேரம் ஆகும்? டிரைவர் ஊரில் இல்லாத நாளில் இந்த ஆள் புகுந்து கழற்றியிருக்கிறான். சார்ஜென்டைக் கூப்பிட வேண்டியதுதான்.

செர்வா இட்ரிசுவையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அவன்தான் எடுத்தான்னா, மொதல்ல அந்த ஸ்பேனருக்கு வேற பெயிண்ட் அடிச்சிருப்பான்” என்றாள். பிறகு ஒடூரோவை அனுப்பி அவனைக் கூப்பிட்டுவரச் சொன்னாள். ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, தட்டத் தெரிந்த கை வேண்டும் என்று மட்டும் சொல்லச் சொன்னாள். எந்த வண்டி என்று சொல்ல வேண்டாம்.

இட்ரிசு உடனே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிளம்பினான். மூன்று நாளாகத் தட்டாமல் கை ஒரு மாதிரி இருக்கிறது என்றான்.

மூன்று மணிக்குக் கூட்டம் தலைவர் வீட்டு முற்றத்தில் கூடியது. குழு உறுப்பினர்கள் நாற்காலிகளில். ஊர் சுற்றிலும் நின்றுகொண்டு. சார்ஜென்ட் டெட்டே குற்றப் பத்திரிகை எழுதத் தயாராகப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். தலைவர் எழுந்து, சமுதாயத்துக்குச் செய்யும் சேவையில் துரோகம் எப்படி நுழைகிறது என்பதைப் பற்றிப் பதினைந்து நிமிஷம் பேசினார். போக்குவாவின் பெயரை அதில் இரண்டு இடத்தில் தப்பாகச் சொன்னார்.

பிறகு மேடம் அறிக்கையில் கையெழுத்திடுவார் என்றார்.

கையெழுத்துக்கு முன்னால் எல்லோரும் ஒரு நிமிஷம் கொட்டகைக்கு வர வேண்டும் என்று செர்வா கேட்டுக்கொண்டாள். நேரமாகிறது என்று தலைவர் ஆட்சேபித்தார். ஊர் ஏற்கெனவே நடக்க ஆரம்பித்திருந்தது.

ஒடூரோ டிரைவர் சீட்டில் ஏறினான். சாவியைத் திருப்பினான். க்ளிக். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. ஹெட்லைட்டைப் போட்டான், பட்டப்பகலில் முன்வரிசை கண்ணைச் சுருக்கியது. சைரனைப் போட்டான், குழந்தைகள் காதைப் பொத்தின. பாட்டரி செத்துவிட்டது என்று அறிக்கை சொல்கிறதே, செத்தது இவ்வளவு சத்தம் போடுமா என்று செர்வா தலைவரைப் பார்த்துச் சாதாரணமாகக் கேட்டாள். பாட்டரி இரண்டு நாளில் தானாகத் தேறியிருக்கலாம் என்றார் அவர். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிய ஒடூரோ, ஓய்வு யாருக்கும் நல்லதுதான் என்று ஒத்துக்கொண்டான்.

செர்வா கொட்டகையின் பின்பக்கம் பார்த்துக் கையைக் காட்டினாள். அங்கிருந்து யாரோ வண்டிக்கு அடியில் நுழைந்தார்கள். கூட்டத்துக்குத் தெரிந்தது இரண்டு ரப்பர் செருப்புக் கால்கள் மட்டும்.

“திருப்பு” என்றாள்.

ஒடூரோ சாவியைத் திருப்பிப் பிடித்தான். க்ளிக். அடியிலிருந்து டங், டங், டங் என்று மூன்று அடி.

ஆம்புலன்ஸ் உறுமிக்கொண்டு எழுந்தது.

கூட்டம் கை தட்டியது. தலைவரும் தட்டினார். நாலாவது தட்டில்தான் அடியிலிருந்து வெளியே வந்தவனைப் பார்த்தார். அவர் கைகள் ஒன்றின்மேல் ஒன்று அப்படியே நின்றன.

இட்ரிசு எழுந்து நின்று, முகத்துத் தூசியைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். செர்வா அவனிடம், இருட்டில் பார்க்காமலே சரியான இடத்தில் எப்படி அடித்தாய் என்று கேட்டாள்.

“பார்க்கணுமா மேடம்? இது எங்க பழைய செல்ஃப். ரெண்டு வருஷமா நான்தானே அடிக்கிறேன். இதுக்கு வலது பக்கம் அடிச்சாத்தான் பிடிக்கும். இது எப்படி இங்க வந்துச்சு? இரும்புக் கடைக்குப் போறதாத்தானே டாக்டர் சொன்னாரு.”

அவன் குரலில் ஒளிவு மறைவு ஒன்றுமில்லை. தெரிந்தவர் ஒருவரை எதிர்பாராத ஊரில் சந்தித்துவிட்டவன் போல்தான் கேட்டான்.

ஒடூரோ எஞ்சினை அணைத்தான். 

“எந்த டாக்டர்?” என்றார் சார்ஜென்ட். அந்த ஊரில் டாக்டர் ஒருவர்தான் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. போலீஸ்காரருக்கு எதையும் வாய்மொழியாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

இட்ரிசு ஸ்பேனரால் தலைவரைக் காட்டினான். புதன்கிழமை காலை அவரே ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்தார் என்றான். கம்ஃபர்ட் அம்மாள் புது செல்ஃப் வாங்கி அனுப்பியிருப்பதாகச் சொல்லி மாட்டச் சொன்னார். பழையதைத் தாமே சாக்கில் போட்டு எடுத்துப் போனார். அவர்தானே எப்போதும் வண்டியைப் பார்த்துக்கொள்கிறவர், கம்ஃபர்ட் அம்மாளுக்கு அவர்தான் எல்லாம்.

குழு உறுப்பினர்களில் ஒரு கிழவர், தலைவரின் மனைவிக்கு ஞானஸ்நானத்தின்போது கம்ஃபர்ட் என்று பெயர் வைத்தது தமக்கு நினைவிருக்கிறது என்றார். யாரிடமும் குறிப்பாகச் சொல்லவில்லை. கூரையைப் பார்த்துச் சொன்னார்.

இட்ரிசுவின் முகத்தில் சிரிப்பு மெல்ல வடிந்தது. அவன் ஆம்புலன்ஸைப் பார்த்தான். தன் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தான்.

“அப்போ வியாழக்கிழமை, அந்தப் பொண்ணு இந்த செல்ஃபாலதான்…” என்று தொடங்கினான். முடிக்கவில்லை. “என்னைக் கூப்பிட்டிருந்தா மூணே தட்டு. நான் அரை மைல்லதான் நின்னேன்.”

தலைவருக்குக் குரல் திரும்பி வந்தது. இதைத் திருட்டு என்று சொல்லக் கூடாது என்றார். இது ஒரு தற்காலிக இடமாற்றம். ஆம்புலன்ஸ் மாதத்தில் இரண்டு நாள் ஓடுகிறது, மீதி நாள் நிழலில் நிற்கிறது. அந்த வேனோ தினமும் நூறு பேரைச் சுமக்கிறது. நூறு பேரின் நன்மையா, ஒருத்தியின் நன்மையா என்று சிந்திக்கிறவர்கள் சிந்திக்க வேண்டும். அந்த வண்டியே யாருடைய முயற்சியால் வந்தது என்று பக்கவாட்டில் எழுதியிருக்கிறது, படிக்கலாம்.

ஒருவரும் படிக்கவில்லை.

“ரெண்டு நாளா ஒரு மனுஷன் உள்ள கிடக்கிறான்” என்றாள் செர்வா. “அதுவும் இடமாற்றம்தானா, டாக்டர்?”

அவர் அங்கியின் சுருக்கத்தை நீவினார்.

செர்வா கைப்பையிலிருந்து அறிக்கையை எடுத்து ஆம்புலன்ஸின் முன்மூடியில் வைத்தாள். சார்ஜென்டின் பேனாவை வாங்கினாள். எழுத்துப் பிழையில்லாத அறிக்கை. அதைக் கெடுக்க அவளுக்கு மனமில்லை. ‘பாட்டரி’ என்று இருந்த இடத்தில் ‘செல்ஃப் மோட்டார்’ என்று திருத்தினாள். ‘ஃபுட்பால் கேட்டுத் தீர்த்துவிட்டார்’ என்பதை அடித்துவிட்டு ‘கழற்றித் தம் வேனில் மாட்டிக்கொண்டார்’ என்று எழுதினாள். ‘டிரைவர் பெடியாக்கோ’ என்று வந்த இடத்திலெல்லாம் ‘தலைவர் அசியாமா’ என்று மாற்றினாள். கீழே கையெழுத்துப் போட்டாள். ஒரு பிரதியைப் படம் எடுத்து ஹாம்பர்க்குக்கு அனுப்பும் பொறுப்பை ஒடூரோ கேட்டு வாங்கிக்கொண்டான்.

சார்ஜென்ட் நிலையத்துக்குப் போன் போட்டு டிரைவரை விடச் சொன்னார்.

ஒரு மணி நேரத்தில் செர்வாவும் இட்ரிசுவும் சேர்ந்து இரண்டு வண்டியிலும் செல்ஃபைக் கழற்றி, ஆம்புலன்ஸுடையதை ஆம்புலன்ஸுக்கே திருப்பி மாட்டினார்கள். கடைசி போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தபோது குமாசி ஆஸ்பத்திரியிலிருந்து போக்குவாவின் அக்காள் போனில் பேசினாள். கண் விழித்துவிட்டாள், கஞ்சி இரண்டு ஸ்பூன் குடித்தாள், பிள்ளை யாரைப்போல இருக்கிறது என்று சண்டை பிடிக்கிறாள். செய்தி கொட்டகையிலிருந்து முற்றத்துக்கும், முற்றத்திலிருந்து தெருவுக்கும் போயிற்று. இட்ரிசு வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வர ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். வந்தபோது கண் சிவந்திருந்தது. கிரீஸ் பட்டுவிட்டது என்றான்.

பழைய செல்ஃப் சாட்சிப் பொருள். அதை நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். போலீஸ் ஜீப்பில் டீசல் இல்லை. சார்ஜென்டுக்கு இடுப்பு வலி. யார் சொத்தோ அவரே தூக்கி வருவதுதான் சட்டப்படி சுத்தம் என்று அவர் தீர்ப்புச் சொன்னார். அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆனால் ஊரில் ஒருவர்கூட அதை மறுக்கவில்லை.

டாக்டர் அசியாமா அதை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நடந்தார். கஞ்சி போட்ட வெள்ளை அங்கியில் கறுப்பு எண்ணெய் மெல்ல இறங்கியது. பத்தடி பின்னால் ஊர். அதற்கும் பின்னால் ஒடூரோ, பழைய தொழில் ஞாபகத்தில், காதோரம் கையை வைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் கமெண்டரி சொல்லிக்கொண்டு வந்தான். தலைவர் பந்தைப் பிடித்துவிட்டார், யாருக்கும் பாஸ் கொடுக்க மனமில்லை என்று ஆரம்பித்திருந்தான். செர்வா அவனை நிறுத்தவில்லை.

சாலைத் திருப்பத்தில் பெடியாக்கோ எதிரே வந்தான். நிலையத்தில் தாளெல்லாம் எழுதி முடித்து அப்போதுதான் விட்டிருந்தார்கள், லாக்கப்பிலிருந்து நேராக வருகிறான். கையில் பெல்ட்டும் செருப்பும். எதற்கு விட்டார்கள் என்று அவனுக்கு யாரும் இன்னும் சொல்லியிருக்கவில்லை. தலைவர் பாரத்தோடு வருவதைப் பார்த்தான். ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பிருந்தே, எட்டு வருஷமாக அவருக்குப் பெட்டி தூக்கிய பழக்கம். செருப்பையும் பெல்ட்டையும் சாலையோரம் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

“கொடுங்க தலைவரே, நான் தூக்கிட்டு வரேன்.”

ஒடூரோவின் கமெண்டரி நின்றுவிட்டது. தலைவர் நின்றார். உண்மையில் அவர் அதை நீட்டவும் நீட்டினார்.

வாங்கப் போன பெடியாக்கோ அது என்ன என்று பார்த்தான். அதன் உடம்பிலிருந்த குழிகளைப் பார்த்தான். பின்னால் நின்ற ஊரைப் பார்த்தான், செர்வாவைப் பார்த்தான். கடைசியில் தலைவரின் முகத்தைப் பார்த்தான். அதை அவன் இவ்வளவு நேரம் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நீட்டிய இரண்டு கையையும் மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டான். வழியை விட்டு ஒரு அடி விலகி நின்றான்.